பாரம்பரிய வில்லோடு முதல் காட்டுப்பன்றி வேட்டை: டெக்சாஸில் தயாராவது எப்படி?

"இந்த மரவில்லை வச்சுப் பன்றி அடிக்க முடியுமா?" வீட்டுப் பின்பக்கம் நான் எய்து பழகுவதைப் பார்த்த நண்பர்கள் யாரும் இதைக் கேட்காமல் போனதில்லை. முடியும். கப்பி பூட்டிய காம்பவுண்டு வில்லும் குறிபார்க்கும் கருவியும் தேவையில்லை. நுனிகள் முன்பக்கம் வளைந்த ஒரு ரிகர்வ் வில் அல்லது வளைவில்லாத நீண்ட லாங்போ வில், ஆறு அம்பு, நான்கு மாதப் பழக்கம் போதும். அந்த நான்கு மாதத்தை மட்டும் குறைக்காதீர்கள். ஹூஸ்டன், டாலஸ், ஆஸ்டின் பக்கம் இருந்துகொண்டு முதல்முறை போக நினைக்கும் நம்மவர்களுக்காக அடியிலிருந்து எழுதுகிறேன்.

இந்த விளக்கம் டெக்சாஸுக்கு மட்டும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதியில்லாமல் காட்டுப்பன்றியை வேட்டையாடுவது குற்றம். ஊருக்குப் போகும்போது முயன்று பார்க்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். இங்கே கதை வேறு. ஸ்பானியர்கள் கொண்டுவந்த வீட்டுப்பன்றிகள் தப்பிப்போய்க் காட்டில் பெருகின. 1930களில் வேட்டைக்கென்றே ஐரோப்பியக் காட்டுப்பன்றிகளையும் இறக்கினார்கள். இரண்டும் கலந்து வந்த இனம், இன்று இந்த மாநிலத்தில் மட்டும் 20 லட்சத்துக்கு மேல் இருப்பதாக மதிப்பிடுகிறார்கள். ஏர் பூட்டி உழுததுபோல் ஒரே ராத்திரியில் வயலைப் புரட்டிப் போட்டுவிடும்.

படி 1: இடமும் அனுமதியும்

தனியார் நிலத்தில், உரிமையாளர் சம்மதத்தோடு பன்றி வேட்டையாட 2019 செப்டம்பர் 1 முதல் உரிமம் தேவையில்லை. பருவத் தடையும் எண்ணிக்கை வரம்பும் கிடையாது. பொது நிலம் என்றால் உரிமம் வேண்டும். அந்தந்த இடத்துக்குத் தனி விதிகளும் உண்டு, கிளம்பும் முன் மாநில வனவிலங்குத் துறையின் தளத்தில் பார்த்துவிடுங்கள். சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள், குறைந்தது ஒரு குறுஞ்செய்தியாவது கையில் இருக்கட்டும்.

முதல் வேட்டைக்கு ஜனவரிக் கடைசி முதல் மார்ச் வரை நல்ல காலம். மான் பருவம் முடிந்திருக்கும், பண்ணைக்காரர்கள் "வாங்க" என்பார்கள். வெயில் குறைவு என்பதால் இறைச்சி கெடாது, பாம்பும் குறைவு. அப்படியென்றால் வில்லை செப்டம்பரிலேயே கையில் எடுத்தாக வேண்டும்.

படி 2: வில்

புதியவர்கள் செய்யும் தவறு பலமான வில்லை வாங்குவது. 55, 60 பவுண்டு (நாணை இழுக்கத் தேவைப்படும் பலம்) வில்லை ஆசைப்பட்டு வாங்கினால் முழுதாக இழுக்க முடியாது. இழுத்தாலும் நிறுத்திக் குறிபார்க்க முடியாது. பழகுவதற்கு 35 பவுண்டு, வேட்டைக்கு 45 பவுண்டு அளவு போதும்.

வில்லின் மேல் எழுதியிருக்கும் எடை 28 அங்குலம் இழுத்தால் கிடைப்பது. நம்மில் பலருக்கு 26 அங்குலம்தான் இழுப்பு வரும். ஓர் அங்குலம் குறைந்தால் ஏறக்குறைய இரண்டரை பவுண்டு குறையும். 45 என்று எழுதிய வில் உங்கள் கையில் 40 ஆகிவிடும். ஆகவே கடையில் தராசு மாட்டி, உங்கள் இழுப்பில் அளந்து பார்த்தே வாங்குங்கள்.

நாணேற்ற அதற்கான கயிற்றை மட்டும் பயன்படுத்துங்கள். காலுக்கிடையில் வளைத்து நாணேற்றினால் வில்லின் கை முறுக்கிக்கொள்ளும், தவறினால் முகத்தில் அடிக்கும். அம்பு இல்லாமல் நாணை இழுத்து விடவே கூடாது, வில் உடைந்துபோகலாம்.

படி 3: அம்பு

வேகம் நம்மிடம் இல்லை. நம் வில்லில் அம்பு நொடிக்குச் சுமார் 170 அடி போகும், காம்பவுண்டு வில்லில் அது 300ஐத் தொடும். அந்தக் குறையை எடை ஈடுகட்டும். வில்லின் ஒவ்வொரு பவுண்டுக்கும் 10 கிரெயினாவது அம்பின் மொத்த எடை இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. பன்றிக்கு இன்னும் கொஞ்சம் கூட்டி 500 முதல் 550 கிரெயின் வைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய 35 கிராம். முனைப்பக்கம் கனம் கூடுதலாக இருப்பது நல்லது.

தண்டு மரமா, கார்பனா? தொடங்குபவர்களுக்கு கார்பன் என்பேன். மரத்தண்டு அழகு, சத்தமும் குறைவு, ஆனால் அடிக்கடி நேராக்க வேண்டும். அம்பு உங்கள் வில்லுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க, இறகு ஒட்டாத ஓர் அம்பை 15 யார்டில் எய்யுங்கள். வலக்கைக்காரருக்கு அது இறகு அம்புகளுக்கு வலப்பக்கம் போய்க் குத்தினால் தண்டு தளர்வு, முனை எடையைக் குறைக்க வேண்டும். இடப்பக்கம் போனால் விறைப்பு, முனை எடையைக் கூட்ட வேண்டும். இரண்டும் ஒரே இடத்தில் விழும்வரை இதை விடாதீர்கள்.

படி 4: முனை தீட்டுவது

மடிந்திருந்து, பட்டதும் விரியும் முனைகளைத் தொடாதீர்கள்; விரிவதற்கே நம் அம்பின் பலம் செலவாகிவிடும். இரண்டு அலகு கொண்ட, பட்டவுடன் வெட்டும் பிராட்ஹெட் முனைதான் நமக்கு.

பெட்டியிலிருந்து எடுத்தபடி எந்த முனையையும் எய்யாதீர்கள். அலகின் சரிவு முழுக்க மார்க்கரால் கறுப்பு பூசுங்கள். அரத்தில் இரண்டு தடவை தேய்த்துப் பாருங்கள். விளிம்பில் மட்டும் கறுப்பு போயிருந்தால் கோணம் செங்குத்து. உட்பக்கம் மட்டும் போயிருந்தால் படுத்துக் கிடக்கிறது. சரிவு முழுக்க ஒரே சீராகக் கறுப்பு அழியும் கோணம் வந்ததும், அந்தக் கோணத்தைக் கை மறக்காமல் தேய்த்துக்கொண்டே போங்கள். கொஞ்ச நேரத்தில் மறுபக்க விளிம்பில் கட்டைவிரலை மெல்ல வெளிப்புறமாகத் தடவினால் நூலிழைபோல் ஒரு பிசிர் தட்டுப்படும். அந்தப் பிசிர் வந்த பிறகுதான் மறுபக்கத்துக்குத் திரும்ப வேண்டும். பிறகு சாணைக்கல், கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் அலகைப் பின்னோக்கி இழுத்து இருபது தடவை.

சோதனைக்கு ஒரு ரப்பர் பேண்டை இரு விரலில் லேசாக விரித்து, அலகை அதன்மேல் வைத்துப் பாருங்கள். அழுத்தாமலே அறுந்துவிட்டால் வேலை முடிந்தது. வழுக்கினாலோ, அழுத்திய பிறகு அறுந்தாலோ மறுபடி அரத்துக்குப் போங்கள். ரத்தக்குழாயும் அந்த ரப்பர்போலத்தான். மொண்ணை அலகு அதைத் தள்ளிவிட்டுப் போகும். தீட்டியதும் வாசலின் தடவி வையுங்கள், துரு ஏறாது. எய்யாவிட்டாலும் வேட்டைக்குப் போய்வந்த ஒவ்வொரு முறையும் மறுபடி சோதியுங்கள்.

படி 5: பழக்கம்

நகர எல்லைக்குள் வில் பயன்படுத்தலாமா என்று நகராட்சி விதியை முதலில் பாருங்கள். முதல் மாதம் குறியே வேண்டாம். ஐந்து அடி தூரத்தில் வைக்கோல் கட்டை வைத்து, கண்ணை மூடிக்கூட எய்யலாம். இழுத்த கை ஒவ்வொரு முறையும் வாயோரத்தில் ஒரே இடத்தைத் தொடுகிறதா, விரல்கள் தானாகத் தளர்ந்து நாண் போகிறதா என்பதை மட்டும் உடம்பு கற்றுக்கொள்ளட்டும்.

இரண்டாம் மாதம் 10 யார்டு, மூன்றாம் மாதம் 15. அதன்பின் நின்று எய்வதைக் குறைத்து முட்டி போட்டு, முக்காலியில் உட்கார்ந்து, கிளைக்குக் கீழே வில்லைச் சாய்த்து எய்யுங்கள். காட்டில் நேராக நிற்க இடம் கிடைப்பது அபூர்வம்.

எனக்கு மிகவும் உதவிய பழக்கம் காலை அம்பு. எழுந்ததும் கை சூடேறாமல், ஒரே ஓர் அம்பு. ஆறு அங்குலக் காகிதத் தட்டில் பட்டதா இல்லையா என்று நாட்காட்டியில் குறித்துவிட்டு வில்லை வைத்துவிட வேண்டும். வேட்டையில் கிடைப்பதும் அந்த ஓர் அம்புதான். சாயங்காலம் ஐம்பதாவது அம்பு நடுவில் பட்டதற்கு அங்கே மதிப்பில்லை. பத்து நாளில் ஒன்பது நாள் தட்டில் பட்ட தூரம் எதுவோ, அதுதான் உங்கள் எல்லை. என் எல்லை இத்தனை வருடத்துக்குப் பிறகும் 18 யார்டு. முதல்முறை போகிறவருக்கு 12 வந்தாலே தாராளம்.

படி 6: பன்றியின் உடம்பைப் படியுங்கள்

இதை நான் படிக்காமல் போனேன். என் முதல் வருடத்தில் பெரிய ஆண்பன்றி ஒன்று 14 யார்டில் பக்கவாட்டில் நின்றது. மானுக்குக் குறிவைப்பதுபோல் தோளுக்குப் பின்னால், உடம்பின் நடுவில் எய்தேன். அம்பு பாதிகூட இறங்கவில்லை. நள்ளிரவுவரை டார்ச் அடித்துத் தேடினோம், மறுநாள் பகல் முழுக்கத் தேடினோம். கிடைக்கவில்லை. எங்கோ ஒரு புதரில் அது எவ்வளவு நேரம் கிடந்திருக்கும் என்ற நினைப்பு இன்னும் என்னை விடவில்லை. கீழே உள்ளதை மனப்பாடம் செய்யாமல் யாரையும் நான் காட்டுக்கு அழைத்துப்போவதில்லை.

பன்றியின் இதயமும் நுரையீரலும் மானைவிட முன்னால், இன்னும் தாழ்வாக இருக்கின்றன. இதயம் கிட்டத்தட்ட முன்னங்கால்களுக்கு நடுவில். பிடரி மயிரும் திமிலும் உடம்பை உயரமாகக் காட்டும். அந்த உயரத்தில் உயிர்நிலை எதுவும் கிடையாது. முன்னங்காலின் பின்விளிம்பிலிருந்து நேர்மேலே கோடு இழுத்து, உடம்பின் கீழ் மூன்றிலொரு பங்கில் குறிவையுங்கள். வளர்ந்த ஆண்பன்றிக்குத் தோளின்மேல் கவசம்போல் தடித்த குருத்துத்தோல் இருக்கும். நம் வில்லுக்கு அது பெரிய தடை. ஆகவே பன்றி நமக்கு முதுகைப் பாதி திருப்பி, சாய்வாக விலகி நிற்கும்வரை பொறுங்கள். அப்போது அம்பு கவசத்துக்குப் பின்னால் விலாவில் நுழைந்து, எதிர்ப்பக்க முன்னங்காலை நோக்கிப் போகும். எதிரே பார்த்து நிற்கும் பன்றிக்கும் ஓடும் பன்றிக்கும் எய்யவே கூடாது.

வல்வில் ஓரி ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தைத் துளைத்ததாகச் சங்கப்பாட்டு சொல்கிறது. நமக்கு அது ஆகாது. நல்ல அம்பு ஒரு பன்றியைத் துளைத்து அப்பால் போகக்கூடியது. கூட்டமாக மேயும்போது பின்னால் இன்னொன்று, குறிப்பாகக் குட்டி நிற்கிறதா என்று பார்த்த பிறகே நாணை இழுங்கள். குட்டியோடு திரியும் தாயை நான் எய்வதில்லை. அது என் முடிவு, சட்டம் அப்படிச் சொல்லவில்லை.

படி 7: தடமும் காற்றும்

ஓடைக்கரையிலிருந்து தேடத் தொடங்குங்கள். பன்றிக்கு வியர்த்துச் சூடு தணியாது, அதனால் சேற்றில் புரளும். புரண்ட குழியில் தண்ணீர் கலங்கியிருந்தால் சற்று முன்புதான் எழுந்து போயிருக்கிறது. பக்கத்து மரத்திலும் தந்திக் கம்பத்திலும் சேறு அப்பியிருக்கும். அதன் உயரம் பன்றியின் உயரம். குளம்படி மானுடையதைவிட மழுங்கலாக, வட்டமாக இருக்கும்.

கண் அதற்கு மந்தம், காது கூர்மை, மூக்கு அபாரம். சோளமாவைச் சின்னப் பிளாஸ்டிக் புட்டியில் போட்டுக்கொண்டு அடிக்கடி ஊதிப் பாருங்கள். காற்று அதனிடமிருந்து உங்கள் முகத்துக்கு வர வேண்டும். பொழுது சாயும்போது குளிர்ந்த காற்று மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும். மேட்டில் உட்கார்ந்து ஓடையைப் பார்த்திருந்தால் உங்கள் வாடை முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடும். தலை குனிந்து மேயும்போது நகருங்கள், தலை தூக்கினால் உறைந்து நில்லுங்கள். வெளிச்சம் மங்கினால், அம்பு பட்ட இடத்தைக் கண்ணால் பார்க்க முடியாது என்ற நிலை வந்ததும், வில்லிலிருந்து அம்பை எடுத்துவிடுங்கள்.

பையில் இருக்க வேண்டியவை: உதிரி நாண், விரல் உறை, இரண்டு டார்ச், குறியிடும் ரிப்பன், கத்தி, நைட்ரைல் கையுறை, தண்ணீர், முதலுதவிப் பொருள்கள். உண்ணிக்காகத் துணியில் முந்தின நாளே பெர்மெத்ரின் அடித்துக் காயவையுங்கள். எங்கே போகிறீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

படி 8: அம்பு பட்ட பிறகு

அசையாதீர்கள். எங்கே பட்டது, எந்த மரத்தருகே கடைசியாகக் கண்ணில் பட்டது என்று மனதில் பதித்துக்கொண்டு அரைமணி நேரம் உட்காருங்கள். பிறகு அம்பைத் தேடுங்கள். நுரை கலந்த இளஞ்சிவப்பு ரத்தம் என்றால் நுரையீரல், நல்ல செய்தி. பச்சையாக, நாற்றமாக இருந்தால் குடல். வந்த சுவடு தெரியாமல் விலகி, நான்கைந்து மணி நேரம் கழித்து வாருங்கள். பன்றியின் கொழுப்பும் மயிரும் காயத்தை அடைத்துவிடுவதால் முதல் 20, 30 அடிக்கு ரத்தமே தெரியாமல் போகலாம். புல்லின் கீழ்ப்பக்கம், இலையின் ஓரம் என்று குனிந்து தேடி, கண்ட இடத்திலெல்லாம் ரிப்பன் கட்டுங்கள்.

விழுந்து கிடந்தால் முதுகுப்பக்கமாகவே போங்கள், அம்பு ஒன்று வில்லில் இருக்கட்டும். நீளக் குச்சியால் கண்ணைத் தொட்டுப் பாருங்கள். இமைத்தால் பின்வாங்குங்கள். கோரைப்பல் தொடையைக் கிழித்துவிடும்.

படி 9: இறைச்சி

கையுறை இல்லாமல் வயிற்றைத் திறக்காதீர்கள்; இந்தப் பன்றிகளிடம் புரூசெல்லோசிஸ் உண்டு, கையில் சின்னக் கீறல் இருந்தாலும் மனிதருக்குத் தொற்றும். பச்சை இறைச்சியையும் குடலையும் நாய்க்குப் போடாதீர்கள். பன்றியிடமிருந்து வரும் ஒரு வைரஸ் நாயைக் கொன்றுவிடும். தோலும் கொழுப்பும் சூட்டைப் பிடித்து வைப்பதால் சீக்கிரம் உரித்து, துண்டாக்கி, ஐஸ் பெட்டியில் வையுங்கள். அடியில் தேங்கும் தண்ணீரை அவ்வப்போது வடித்து, புது ஐஸ் போடுங்கள். சமைக்கும்போது துண்டின் நடுவில் வெப்பமானி செருகிப் பாருங்கள், 71 டிகிரி செல்சியஸ் தொட வேண்டும். கொழுப்பு குறைவான இறைச்சி என்பதால் குக்கரில் நன்றாக வேகவைத்துவிட்டு, பிறகு சின்ன வெங்காயமும் நிறைய மிளகும் போட்டு வறுங்கள். முதல் டப்பாவை நிலத்துக்காரர் வீட்டில் கொடுத்துவிட்டு வாருங்கள்.