ஸ்டெப்பர் மோட்டாரின் விவரத்தாளைப் படித்து மின்செலவைக் கணக்கிடும் முறை

நெமா 17 அளவுள்ள ஸ்டெப்பர் மோட்டார் (படிப்படியாகச் சுழலும் மோட்டார்) ஒன்றின் விவரத்தாளில் 1.8 பாகை, 1.7 ஆம்பியர், 1.65 ஓம், 2.8 வோல்ட், 2.8 மில்லிஹென்றி, 40 நியூட்டன்-சென்டிமீட்டர் என்பன போன்ற எண்கள் இருக்கும். 'நெமா 17' என்பது முகப்புத் தகட்டின் அளவை, அதாவது ஏறக்குறைய 42 மி.மீ. சதுரத்தை மட்டுமே குறிக்கிறது. மோட்டாரின் வலிமை அதிலிருந்து தெரியாது. ஒரு படிக்கு 1.8 பாகை என்றால் ஒரு முழுச் சுற்றுக்கு 200 படிகள்.

புதிதாகக் கற்பவர்களை மிகவும் குழப்புவது 2.8 வோல்ட் என்ற எண்தான். அது பவர் சப்ளைக்கான பரிந்துரை அன்று, 1.65 ஓம் சுருளில் 1.7 ஆம்பியர் பாயும்போது அதன் இரு முனைகளுக்கிடையே இருக்கும் மின்னழுத்தம், அவ்வளவே. எனவே 12 வோல்ட்டை நேரடியாகச் சுருளில் கொடுத்தால் 7 ஆம்பியருக்கு மேல் பாய்ந்து சுருள் கருகிவிடும். ஆனால் மின்னோட்டத்தை விட்டுவிட்டுக் கொடுத்துக் கட்டுப்படுத்தும் ஏ4988 போன்ற டிரைவர் நடுவில் இருந்தால், அதே மோட்டாரை 24 வோல்ட்டில் அச்சமின்றி ஓட்டலாம், ஓட்டுவதே நல்லது. சுருளின் தூண்டல் (விவரத்தாளில் 2.8 மில்லிஹென்றி என்றிருப்பது), மின்னோட்டம் சட்டென உயர்வதைத் தடுக்கிறது. 2.8 வோல்ட்டில் 1.7 ஆம்பியரை நெருங்க ஏறத்தாழ 5 மில்லிநொடி ஆகும். 24 வோல்ட்டில் 0.2 மில்லிநொடியே போதும். நிமிடத்துக்கு 300 சுற்று வேகத்தில் ஒரு படிக்குக் கிடைக்கும் நேரம் 1 மில்லிநொடிதான் என்பதை எண்ணிப் பார்த்தால், குறைந்த மின்னழுத்தத்தில் மோட்டார் ஏன் திணறிப் படிகளைத் தவறவிடுகிறது என்பது புரியும்.

40 நியூட்டன்-சென்டிமீட்டர் என்பது நிலைநிறுத்தும் முறுக்குவிசை. 1 செ.மீ. ஆரமுள்ள கப்பியில் தொங்கும் சுமார் 4 கிலோவைத் தாங்கும் அளவு அது; சுழலும் வேகம் கூடக்கூட இந்த விசை குறைந்துகொண்டே போகும்.

மோட்டாருக்குள் இரு சுருள்கள் உள்ளன, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கம்பிகள். இணைக்கும் முன் நான்கு கம்பிகளில் எவை ஒரே சுருளின் இணை என்று கண்டறியுங்கள். ஏதேனும் இரண்டு கம்பிகளின் செம்பு முனைகளைச் சேர்த்து முறுக்கிவிட்டுத் தண்டை விரலால் சுழற்றுங்கள். அவை ஒரே சுருளுடையவை என்றால் தண்டு திடீரென இறுகி, கரகரவென்று தடுத்துத் தடுத்துத் திரும்பும். மல்டிமீட்டரில் 1.65 ஓமுக்கு அருகில் காட்டினால் உறுதி செய்துகொள்ளலாம்.

இனி மின்செலவு. இரு சுருள்களிலும் 1.7 ஆம்பியர் பாய்ந்தால் வெப்பமாகச் செலவாவது 2 × 1.7 × 1.7 × 1.65, அதாவது சுமார் 9.5 வாட். 24 வோல்ட் சப்ளையிலிருந்து இதற்கு எடுக்கப்படுவது 0.4 ஆம்பியரே. சுருளின் மின்னோட்டமும் சப்ளையின் மின்னோட்டமும் ஒன்றெனக் கருதி மோட்டாருக்கு 3.4 ஆம்பியர் என்று கூட்டிக்கொண்டு, தேவையில்லாமல் பெரிய சப்ளையை வாங்குவோர் பலர். சுழலும்போது செய்யும் வேலையையும் சேர்க்க வேண்டும்: 0.2 நியூட்டன்-மீட்டர் விசையில் 300 சுற்று வேகத்துக்கு மேலும் 6.3 வாட். டிரைவரின் இழப்பையும் சேர்த்து மோட்டார் ஒன்றுக்கு 24 வோல்ட்டில் 1 ஆம்பியர் ஒதுக்கினால் போதுமானது. மோட்டார் அசையாமல் நிற்கும்போதும் சுருளின் வெப்பச் செலவு நிற்பதில்லை என்பதால், நீண்ட நேரம் காத்திருக்கும் இயந்திரங்களில் ஓய்வு மின்னோட்டத்தைப் பாதியாகக் குறையுங்கள்; வெப்பம் கால்பங்காகிவிடும்.

ஏ4988 பலகையில் மின்னோட்ட வரம்பை அமைக்க, வேண்டிய மின்னோட்டத்தை 8-ஆலும் பலகையிலுள்ள உணர்தடையின் (மின்னோட்டத்தை அளக்க உதவும் சிறு மின்தடையின்) மதிப்பாலும் பெருக்குங்கள்; பலகையிலுள்ள சிறு திருகைத் திருப்பி அமைக்க வேண்டிய மின்னழுத்தம் அதுவே. 1.2 ஆம்பியருக்கு, 0.1 ஓம் தடை இருந்தால், 0.96 வோல்ட். 0.068 ஓம் பொருத்திய பலகைகளும் உண்டு. அதில் இதே 0.96 வோல்ட் 1.76 ஆம்பியரைத் தந்துவிடும் என்பதால், தடையின் மேல் எழுதியுள்ளதைப் படிக்காமல் திருகைத் தொடாதீர்கள். மோட்டார் பிளாஸ்டிக் தாங்கியில் பொருத்தப்பட்டிருந்தால் இன்னும் குறைவாகவே வையுங்கள்: 80 பாகை செல்சியஸைச் சுருள் தாங்கும், ஆனால் முப்பரிமாண அச்சில் பயன்படும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் 60 பாகையிலேயே இளகிவிடும்.