பைட்டர் மீன் வளர்ப்பவர்களுக்கு ஒரு குறிப்பு

பைட்டர் மீனை இனப்பெருக்கத்துக்கு விடும்போது தொட்டி நிறையத் தண்ணீர் வேண்டாம், அரை அடிக்கும் குறைவாக இருந்தால் போதும். ஆண் மீன் நீரின் மேல்மட்டத்தில் குமிழிகளால் கட்டும் நுரைக்கூட்டிலிருந்து நழுவும் முட்டைகளை அதுவேதான் வாயால் பொறுக்கி மேலே வைக்கும். ஆழம் கூடினால் பாவம், அலைந்தே ஓய்ந்துவிடும். காய்ந்த பாதாம் இலை ஒன்றை மிதக்கவிடுங்கள், அதனடியில் கூடு கட்டும். ஏர் பம்ப் ஓடினால் கூடு கலைந்துவிடும்.

முட்டையிட்டதும் பெண் மீனை உடனே எடுத்துவிடுங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் ஒருமுறை படுத்துவிட்டேன்; விடிந்தபோது ஆண் கடித்ததில் பெண்ணின் வால் கந்தலாகிக் கிடந்தது. சுமார் 2 நாளில் பொரிக்கும். குஞ்சுகள் தாமாக நீந்தத் தொடங்கியதும் ஆணையும் மாற்றிவிடலாம். அப்புறம் முதல் சில நாட்களுக்கு இன்ஃபுசோரியாதான் (தண்ணீரில் வாழும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்) தீனி. தூள் தீனி போட்டால் தண்ணீர்தான் கெடும்.