80-களின் பிரெப்பி உடுப்பு: லுங்கிக் கடையில் தொடங்குங்கள்

காலேஜ் ரெட்ரோ டேயோ, ஆபீஸ் பார்ட்டியோ, ‘எண்பதுகளின் பிரெப்பி’ என்று அறிவித்ததும் மாலுக்கு ஓடி ஒரு போலோ டி-ஷர்ட் வாங்கிக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்பவர்கள்தான் அதிகம். அதில் கால்வாசி வேலைதான் முடிகிறது. அமெரிக்கக் கிழக்குக் கரையின் பணக்காரப் பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் போட்ட இந்த உடுப்புக்கு வேண்டியது நல்ல பருத்தி, இறுக்கிப் பிடிக்காத தையல், கொஞ்சம் பழகிய தோற்றம். பெங்களூரில் மூன்றுக்கும் வழி இருக்கிறது, ஆனால் ரெடிமேட் ரேக்கில் இல்லை. துணி எடுத்துத் தைப்பதுதான் சரி. டிசம்பர், ஜனவரி மாலைகளில் வியர்க்காமல் பிளேசர் போட முடிகிற ஊர் வேறு.

சட்டையில் தொடங்குங்கள். அமெரிக்கர்கள் ‘மெட்ராஸ்’ என்று சொல்லிப் பெருமையாகப் போட்டுக்கொள்ளும் கட்டம் போட்ட துணி, நம் கைலித் துணியின் உடன்பிறப்பு. 1958-ல் இந்தத் துணி பெரிய அளவில் புரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குப் போனது. அனுப்பியவர் கேப்டன் கிருஷ்ணன் நாயர், பின்னாளில் லீலா ஹோட்டல்களைத் தொடங்கியவர். பச்சைத் தண்ணீரில் மெதுவாக அலச வேண்டும் என்ற எச்சரிக்கை, சட்டை வாங்கியவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. மெஷினில் போட்டார்கள், சாயம் ஓடியது, புகார் குவிந்தது. கடைசியில் ‘சாயம் போவது உறுதி’ என்றே விளம்பரம் செய்து விற்றார்கள். எண்பதுகளில் இந்தக் கட்டம் திரும்பவும் ஒரு சுற்று வந்தது.

சிவாஜிநகர் லுங்கிக் கடைகளிலோ, கோ-ஆப்டெக்ஸிலோ, சிக்பேட்டை மொத்தக் கடைகளிலோ தேடுங்கள். முதலில் துணியைத் திருப்பிப் பாருங்கள். நூலுக்குச் சாயமேற்றி நெய்ததில் இரண்டு பக்கமும் ஒரே நிறம் இருக்கும். அச்சுக் கட்டத்தில் பின்பக்கம் வெளுத்திருக்கும், அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கடைக்கு வெளியே கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். உருகி மணியாகத் திரண்டால் பாலியஸ்டர் கலந்தது. இன்னொன்று, கைலித் துணி கஞ்சி ஏறி மொடமொடவென்று இருக்கும். துவைத்த பிறகு அந்தக் கனம் குறைந்துவிடும். அதனால் வெளிச்சத்தில் பிடித்து, நெசவு நெருக்கமாக இருப்பதையே எடுங்கள்.

கைலி 2 மீட்டர் நீளம், சுமார் 1.2 மீட்டர் அகலம். நடுத்தர உடம்புக்கு அரைக்கை சட்டை ஒன்று அதில் வந்துவிடும். முழுக்கை என்றால் 2.25 முதல் 2.5 மீட்டர் வேண்டும். பாக்கெட்டிலும் பட்டன் பட்டியிலும் கட்டம் சேர வேண்டுமானால் இன்னும் கால் மீட்டர். மூட்டிய கைலியை வாங்காமல் மூட்டாததாகக் கேளுங்கள். கரை சட்டையின் நடுவில் வராதபடி வெட்டச் சொல்லுங்கள்.

வெட்டுவதற்கு முன் துணியைத் தனியாகப் பச்சைத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, நிழலில் காயவிட்டு, ஈரம் இருக்கும்போதே அயர்ன் செய்யுங்கள். பருத்தி 3 முதல் 5 சதவீதம் சுருங்கும், அதாவது 2 மீட்டருக்கு 6 முதல் 10 செ.மீ. தைத்த பிறகு இது நடந்தால் உங்கள் சட்டை தம்பிக்குத்தான் போகும். சாயம் நிற்க உப்புப் போடும் வழக்கம் உண்டு. ஏற்கெனவே சாயமேற்றிய துணியில் உப்பால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள், ஒட்டினால் நாலைந்து தடவை தனியாக அலசுங்கள்.

அடுத்து டெய்லர். எல்லாம் கெடுவது காலரில். நம் ஊர் டெய்லர்கள் காலருக்குள் ஒட்டு கேன்வாஸ் வைத்து அட்டை மாதிரி விறைப்பாக்கித் தருவார்கள், அதைத்தான் நல்ல வேலை என்று நினைக்கிறார்கள். பிரெப்பிக்கு நேர் எதிர். “மாஸ்டர், காலருக்கு ஒட்டு கேன்வாஸ் வேண்டாம், மெல்லிசு காட்டன் உள்துணி போதும்” என்று சொல்லுங்கள். காலர் முனை மூன்றேகால் அங்குலம், முனையில் பட்டன் துளை. சட்டையில் பட்டன் வைக்கும் இடம், முனை தட்டையாகப் படுத்தால் எங்கே வருமோ அதைவிட ஒரு சென்டிமீட்டர் மேலே. அப்போதுதான் காலர் மெல்ல வளைந்து புடைக்கும். இந்த வளைவுதான் அடையாளம். முதுகில் பாக்ஸ் ப்ளீட், அதன் மேல் சின்னத் துணி வளையம், இடது மார்பில் மூடியில்லாத ஒரு பாக்கெட். சுற்றளவில் மார்புக்கு மேல் 5 அங்குலம் லூஸ் விடச் சொல்லுங்கள். இன்றைய ஸ்லிம் ஃபிட் அளவில் தைத்தால் காலம் மாறிப்போகும்.

பேண்ட் காக்கி ட்வில். லைக்ரா கலந்தது கூடாது, தொடையைப் பிடித்து ஒரு நொடியில் 2015-க்குக் கொண்டுபோய்விடும். 58 அங்குல அகலத்தில் 1.4 மீட்டர் வாங்குங்கள். இடுப்பு தொப்புளுக்கு ஒரு விரல் கீழே, முன்னால் பக்கத்துக்கு ஒரு ப்ளீட், பாட்டம் சுற்றளவு 16 முதல் 17 அங்குலம். கீழே ஒன்றேமுக்கால் அங்குலத்துக்கு மடிப்பு வைக்க ஒவ்வொரு காலுக்கும் 4 அங்குலம் கூடுதல் நீளம் தேவை. இதை மாஸ்டர் வெட்டுவதற்கு முன்பே சொல்லாவிட்டால் பிறகு வழியில்லை.

சட்டைக்குப் பதில் போலோ போடுவதானால் திருப்பூர் எக்ஸ்போர்ட் மிச்சத்தில் பிக்கே துணி (சின்னச் சின்ன மேடுபள்ளமாகப் பின்னியது), 220 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 220 கிராம்) பாருங்கள். அதற்குக் கீழே போனால் காலர் நிற்காமல் துவளும். அந்தக் காலத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு போலோ போட்டுக் காலர்களைத் தூக்கிவிட்டார்கள், வேடிக்கைக்குச் செய்யலாம்.

பிளேசர் புதிதாகத் தைப்பது வீண் செலவு. கையிலுள்ள நேவி பிளேசர் ஒன்றுக்குப் பித்தளைப் பட்டன் மாற்றினால் போதும். முன்னால் 20 மி.மீ., கையில் 15 மி.மீ.; கைப்பட்டன் பக்கத்துக்கு மூன்றா நான்கா என்று முதலில் எண்ணிக்கொள்ளுங்கள். கமர்ஷியல் ஸ்ட்ரீட் பக்கம் பட்டன் கடைகள் உண்டு. பிளேசரையும் எடுத்துப் போங்கள். பித்தளைப் பட்டன் பருமனாக இருக்கும், பழைய துளையில் நுழைகிறதா என்று அங்கேயே போட்டுப் பார்க்க வேண்டும். முலாம் பூசிய பிளாஸ்டிக் கையில் எடை தெரியாது, டிரை கிளீனிங்கில் உரியும். தோளில் பெரிய பேட் வைத்த பிளேசரும் எண்பதுகளுடையதுதான், ஆனால் அது வேறு கூட்டம். பேட் பெரிதாக இருந்தால் பிரித்து எடுக்கச் சொல்லுங்கள்.

காலுக்குப் பென்னி லோஃபர், அதாவது மேல் பட்டையில் ஒரு வெட்டு உள்ள, கயிறு கட்டாத தோல் ஷூ, பிரவுன் அல்லது மெரூன். அமெரிக்காவின் ஜி.எச். பாஸ் கம்பெனி இதை 1936-லிருந்து விற்கிறது. தோல் விரியும், அதனால் வாங்கும்போது சற்று இறுக்கமாகவே எடுங்கள். அந்த வெட்டில் செருகும் அமெரிக்க பென்னி நாணயம் 19 மி.மீ.; நம் ஒரு ரூபாய் அதைவிடப் பெரியது, திணித்தால் வெட்டு கிழியும். சாக்ஸ் இல்லாமல் போடுவதுதான் பாணி. மழைக்காலத்தில் வெளியே தெரியாத லோஃபர் சாக்ஸ் போடுங்கள், பக்கத்தில் உட்காருபவர்களுக்காக.

பெண்களுக்கு அதே சட்டை, முழங்கால் வரை ப்ளீட் வைத்த ஸ்கர்ட், ஒற்றை முத்துமாலை. ப்ளீட்டுக்கு இடுப்பின் கீழ்ச்சுற்றளவைப் போல மூன்று மடங்கு துணி வேண்டும். சுத்தப் பருத்தியில் மடிப்பு ஒரே துவைப்பில் போய்விடும். இங்கே மட்டும் பாலியஸ்டர் கலப்பு நல்லது.

நிறத்தில் சத்தம் போடுவது ஒன்றாக இருக்கட்டும். கட்டச் சட்டை என்றால் டை வேண்டாம், மற்றதெல்லாம் பிளெயின். தோளில் போடும் ஸ்வெட்டருக்குச் சட்டைக் கட்டத்தில் ஓடும் மெல்லிய கோடு ஒன்றின் நிறத்தை எடுங்கள். மெல்லிய பருத்தியோ உல்லனோ நல்லது. அக்ரிலிக் வழுக்கி இறங்கிக்கொண்டே இருக்கும். ஸ்வெட்டரின் கைகளை நெஞ்செலும்பின் மேல் ஒரே முடிச்சாகத் தளர விடுங்கள்.

சட்டையை அயர்னுக்குக் கொடுக்கும்போது கஞ்சி வேண்டாம், காலரை அழுத்தி மடிக்க வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லிக் கொடுங்கள். மறந்தால் மாஸ்டரிடம் கெஞ்சி வாங்கிய வளைவு கத்தி விளிம்பாகத் திரும்பி வரும்.