சோவியத் வீழ்ச்சியைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெர்லின் சுவர் விழுந்தது, கம்யூனிஸ்ட் கட்சி ஆட்சி போனது, சோவியத் ஒன்றியம் உடைந்தது. இந்த மூன்றும் ஏதோ ஒரே வாரத்தில் நடந்தவை போல ஒரே மூச்சில் சொல்லிவிடுவது நம் கட்டுரைகளிலும் யூடியூப் காணொளிகளிலும் சகஜம். குழப்பம் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. சுவர் திறந்தது 1989 நவம்பர் 9. கம்யூனிஸ்ட் கட்சியே நாட்டை வழிநடத்தும் சக்தி என்று சோவியத் அரசியல் சட்டத்தின் 6ஆவது பிரிவு சொல்லிவந்தது. அது திருத்தப்பட்டது 1990 மார்ச்சில். ஒன்றியம் கலைந்தது 1991 டிசம்பர் 26 அன்று. அதாவது ஒரு கட்சி ஆட்சி சட்டப்படி முடிந்த பிறகும் அந்த நாடு ஒன்றரை வருடத்துக்கு மேல் இருந்தது. கட்சி அதிகாரம் இழந்ததற்கான காரணங்கள் வேறு, நாடு சிதறியதற்கான காரணங்கள் வேறு. ஒன்றின் காரணத்தைத் தூக்கி இன்னொன்றின் தலையில் கட்டினால் கணக்கு இடிக்கும்.

அடுத்தது, எல்லாவற்றையும் கோர்பச்சேவ் என்ற ஒரு மனிதருக்குள் அடக்கிவிடுவது. ஒரு சாராருக்கு அவர் துரோகி, இன்னொரு சாராருக்கு விடுதலை தந்தவர். மாஸ்கோவின் சோவியத் பதிப்பகங்களான முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா ஆகியவற்றின் வெளியீடுகளை என்.சி.பி.எச். (நியூ செஞ்சுரி புக் ஹவுஸ்) கடைகளில் மலிவு விலைக்கு வாங்கிப் படித்து வளர்ந்த தலைமுறைக்குத் துரோகக் கதை மேல் ஒரு சாய்வு இருப்பது புரிந்துகொள்ளக்கூடியதுதான். ஆனால் இரண்டு கதைகளுக்கும் அடியில் இருப்பது ஒரே தவறு. என்ன நடந்ததோ அதைத்தான் அவர் விரும்பினார் என்று எடுத்துக்கொள்கிறோம். 1985 மார்ச்சில் பொதுச்செயலாளர் ஆனவர் கட்சியைக் காப்பாற்றத்தான் பார்த்தார். 1965இல் சோவியத் பிரதமர் கோசிகின் தொடங்கிய பொருளாதாரச் சீர்திருத்தத்தைக் கட்சி நிர்வாகமும் அமைச்சகங்களும் சேர்ந்து நீர்த்துப்போக வைத்தது அவருக்குத் தெரியும். நிர்வாகத்தின் மேல் கீழிருந்து ஓர் அழுத்தம் வேண்டும், அதற்கு வாக்குச்சீட்டு வேண்டும் என்று கணக்குப் போட்டார்.

அந்த வாக்குச்சீட்டைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான விளக்கங்கள் இதைத்தான் தாண்டிப் போகின்றன. 1989 மார்ச் 26 அன்று மக்கள் பிரதிநிதிகள் பேராயத்துக்குத் தேர்தல் நடந்தது. மொத்தம் 2,250 இடம். அதில் 750 இடங்களைக் கட்சி, தொழிற்சங்கம் போன்ற அமைப்புகளே நிரப்பிக்கொண்டன. மீதி 1,500 இடங்களுக்கு மக்கள் வாக்களித்தார்கள். பல தொகுதிகளில் ஒரே ஒரு வேட்பாளர்தான். ஆனால் வேண்டாத பெயரை அடித்துவிடலாம், பாதிக்கு மேல் ஆதரவு கிடைக்காவிட்டால் எதிரில் யாருமே இல்லாதவரும் தோற்றவர்தான். லெனின்கிராடு மாகாணக் கட்சிச் செயலாளர் யூரி சொலொவ்யோவ் போட்டியின்றி நின்றார். தோற்றார். எதிர்க்கட்சியே இல்லாமல் ஆளுங்கட்சி தோற்ற விசித்திரம் அது! மாஸ்கோவிலோ, கட்சித் தலைமை ஓரங்கட்டி வைத்திருந்த யெல்ட்சின் 90 சதவீதத்தை நெருங்கிய வாக்குகளோடு ஜெயித்தார். மே மாதக் கடைசியில் பேராயம் கூடியபோது தொலைக்காட்சியில் நேரடி ஒளிபரப்பு. உளவு அமைப்பான கே.ஜி.பி.யையும் ஆப்கன் போரையும் பிரதிநிதிகள் மேடையேறி விமர்சிப்பதை நாடே வேலையைப் போட்டுவிட்டுப் பார்த்தது. ஆட்சியை எதிர்த்துப் பேசுவதற்கிருந்த பயம் போன பிறகு திரும்ப வரவில்லை.

போலந்தில் இதே அடித்தல் இன்னும் வேடிக்கையாக நடந்தது. அரசும் சாலிடாரிட்டி தொழிற்சங்கமும் வட்டமேசைப் பேச்சில் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, கீழவையில் 35 சதவீத இடங்களுக்கு மட்டும் சுதந்திரமான போட்டி. மேலவையின் 100 இடங்களும் திறந்த போட்டி. தலைவர்கள் தோற்றுவிடக் கூடாதே என்று 35 முக்கியப் புள்ளிகளைத் தனியாக ஒரு தேசியப் பட்டியலில் போட்டு, எதிராளியே இல்லாமல் வைத்தார்கள். 1989 ஜூன் 4 அன்று வாக்காளர்கள் அந்தப் பட்டியலை மேலிருந்து கீழாகக் கோடு போட்டு அடித்துத் தள்ளினார்கள். பிரதமர் ரகோவ்ஸ்கி உட்பட 33 பேர் காலி. தப்பியவர் இரண்டே பேர். மேலவையில் 100க்கு 99 சாலிடாரிட்டிக்கு. அதே ஜூன் 4 அன்றுதான் பெய்ஜிங்கில் தியானன்மென் போராட்டத்தை ராணுவம் ரத்தத்தில் நசுக்கியது.

சீனாவைச் சொன்னதும் அந்த வாதம் வந்துவிடும்: "சீனா முதலில் பொருளாதாரத்தைத் திறந்தது, பிழைத்தது. ரஷ்யா அரசியலைத் திறந்தது, கெட்டது." கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சீனாவின் சீர்திருத்தம் கோடிக்கணக்கான கிராமத்து விவசாயிகளிடமிருந்து தொடங்கியது. சோவியத் நாடோ அதற்குள் பெரும்பாலும் நகரமயமாகி, பெருந்தொழிற்சாலைகளை நம்பி நின்ற நாடு. ஒன்றின் மருந்துச்சீட்டை மற்றொன்றுக்கு எழுத முடியுமா என்பது அவ்வளவு எளிய கேள்வி இல்லை.

பொருளாதாரத்தைப் பற்றிய தவறும் உண்டு. கடைகளில் வரிசை நின்றது, பசி வந்தது, ஆட்சி போனது என்று சுருக்கிவிடுகிறார்கள். 1986இல் எண்ணெய் விலை சரிந்ததும், மதுவிலக்குப் பிரசாரத்தால் வரி வருவாய் போனதும் கஜானாவைக் காலி செய்தது உண்மைதான். ஆனால் கடை காலியானதில் அரைகுறைச் சீர்திருத்தத்துக்கும் பங்கு உண்டு. 1988இல் நடைமுறைக்கு வந்த சட்டம் தொழிற்சாலைகளுக்குச் சுயாட்சி கொடுத்தது, சம்பளம் ஏறியது; விலைகளை மட்டும் அரசே பிடித்து வைத்திருந்தது. கையில் பணம், அலமாரியில் சரக்கு இல்லை. அதுவும் தவிர, வறுமை மட்டுமே ஆட்சியைக் கவிழ்க்கும் என்றால் 1990களில் இதைவிட மோசமாக அடிவாங்கிய கியூபாவும் வட கொரியாவும் ஏன் கவிழவில்லை?

அமெரிக்க ஜனாதிபதி ரீகன் 1987இல் பெர்லினில் நின்று "சுவரை இடியுங்கள்" என்றார், சுவர் இடிந்தது என்ற கதையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். நடுவில் இரண்டரை வருடம் இருக்கிறது. ஹங்கேரி 1989 மே மாதம் ஆஸ்திரிய எல்லை வேலியைப் பிரிக்கத் தொடங்கியது. செப்டம்பரில் கிழக்கு ஜெர்மானியர்களை அந்த வழியாகப் போக விட்டது. அக்டோபர் 9 அன்று கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக்கில் சுமார் 70,000 பேர் தெருவுக்கு வந்தார்கள், யாரும் சுடவில்லை. மாஸ்கோவும் படையை அனுப்பவில்லை. கடைசியில் நவம்பர் 9 மாலை கட்சிப் பேச்சாளர் ஷபோவ்ஸ்கி, தான் சரியாகப் படித்திராத ஒரு காகிதத்தைப் பத்திரிகையாளர்கள் முன்னால் வாசித்தார். மேற்கே போக அனுமதிக்கும் அந்தப் புதிய பயண விதி எப்போது அமலுக்கு வரும் என்று கேட்டதற்கு, தனக்குத் தெரிந்தவரை உடனடியாக என்றார். மறுநாள் விண்ணப்பம் வாங்கி முறையாகத் தொடங்க வேண்டியது அது. ராத்திரி பதினொன்றரை வாக்கில் பெர்லின் சுவரின் போர்ன்ஹோல்மர் தெரு எல்லைச் சாவடிக் காவல் அதிகாரி, மேலிடத்திலிருந்து தெளிவான உத்தரவு வராமல் கேட்டைத் திறந்துவிட்டார்.

எனக்கு அதிகம் எரிச்சல் தரும் தவறு ஒரு புள்ளிவிவரம். "1991 மார்ச் 17 வாக்கெடுப்பில் 76 சதவீதம் பேர் ஒன்றியம் வேண்டும் என்றார்கள், மக்கள் விருப்பத்துக்கு எதிராக மூன்று பேர் காட்டுக்குள் உட்கார்ந்து நாட்டைக் கலைத்தார்கள்" என்பது. எண் பொய் இல்லை. ஆனால் லித்துவேனியா, லாட்வியா, எஸ்டோனியா, ஜார்ஜியா, ஆர்மீனியா, மால்டோவா ஆகிய ஆறும் அந்த வாக்கெடுப்பை நடத்த மறுத்துவிட்டன. மக்களிடம் கேட்கப்பட்டதும் பழைய ஒன்றியத்தைப் பற்றி இல்லை. சம உரிமையுள்ள, இறையாண்மை கொண்ட குடியரசுகளின் புதுப்பிக்கப்பட்ட கூட்டாட்சியைப் பற்றி. உக்ரைனில் அதே நாளில், தங்கள் இறையாண்மைப் பிரகடனத்தின் அடிப்படையில்தான் ஒன்றியத்தில் சேர்வதா என்று இன்னொரு கேள்வியும் வைத்தார்கள். அதற்கு 80 சதவீத ஆதரவு. ரஷ்யாவிலும் ஒரு துணைக் கேள்வி: ஜனாதிபதியை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கலாமா? ஆமாம் என்றார்கள். ஜூனில் யெல்ட்சின் 57 சதவீதம் வாங்கி வந்து உட்கார்ந்தார். கோர்பச்சேவை ஒன்றியத்தின் ஜனாதிபதியாக்கியது பேராயம்தான், அந்தப் பதவிக்காக மக்கள் வாக்கை அவர் சந்திக்கவில்லை. ஆகஸ்டில் அந்த வித்தியாசம் பேசியது.

குடியரசுகளுக்கு அதிக அதிகாரம் தரும் புதிய ஒப்பந்தம் 1991 ஆகஸ்ட் 20 அன்று கையெழுத்தாக இருந்தது. 19ஆம் தேதி காலை துணை ஜனாதிபதி யனாயெவ், கே.ஜி.பி. தலைவர் க்ரியுச்கோவ், பாதுகாப்பு அமைச்சர் யாசொவ் முதலியோர் கிரிமியாவில் ஓய்விலிருந்த கோர்பச்சேவை அடைத்துவைத்து ஆட்சியைப் பிடித்தார்கள். அவசரநிலையை அறிவித்த யனாயெவின் கைகள் கேமரா முன் நடுங்கின. மக்கள் தேர்ந்தெடுத்த யெல்ட்சின் எதிர்த்து நின்றார், மூன்றே நாளில் சதி பிசுபிசுத்தது. ஒன்றியத்தைக் காக்கக் கிளம்பியவர்கள்தான் அதற்குக் குழி பறித்தார்கள். 24ஆம் தேதி உக்ரைன் நாடாளுமன்றம் சுதந்திரம் அறிவித்தது. டிசம்பர் 1 வாக்கெடுப்பில் 90 சதவீதத்துக்கு மேல் ஆமோதித்தார்கள், கிரிமியாவிலும் பாதிக்கு மேல். ரஷ்யாவின் யெல்ட்சினும் உக்ரைனின் க்ராவ்சுக்கும் பெலாரஸின் சுஷ்கெவிச்சும் பெலவேஷா காட்டில் ஒன்றியத்தைக் கலைக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது அதற்கு ஒரு வாரம் கழித்து. மார்ச் எண்ணைச் சொல்பவர்கள் இந்த டிசம்பர் எண்ணையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ரத்தமில்லாமல் நடந்தது என்று எழுதுவதையும் விட்டுவிடுங்கள். ருமேனியாவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். அஜர்பைஜானின் பாக்கூ, ஜார்ஜியாவின் டிபிலிசி, லித்துவேனியாவின் வில்னியுஸ் நகரங்களில் சோவியத் படையே மக்களைக் கொன்றது.

எல்லா இடத்திலும் கம்யூனிஸ்டுகள் துடைத்தெறியப்பட்டார்கள் என்பதும் தப்பு. 1990இல் பல்கேரியாவிலும் மங்கோலியாவிலும் பல கட்சித் தேர்தலில் ஜெயித்தவர்கள் பழைய ஆளுங்கட்சிக்காரர்கள்தான். போலந்திலேயே 1995 ஜனாதிபதித் தேர்தலில் சாலிடாரிட்டியின் பழைய தலைவர் வலேசாவைத் தோற்கடித்த க்வாஷ்னியெவ்ஸ்கி பழைய கம்யூனிஸ்ட் அரசில் அமைச்சராக இருந்தவர். மத்திய ஆசியாவின் பல நாடுகளில் ஆட்களைக்கூட மாற்றவில்லை. உஸ்பெகிஸ்தானின் கரிமொவ், துர்க்மெனிஸ்தானின் நியாசொவ், கஜகஸ்தானின் நசர்பாயெவ் மூவரும் தங்கள் குடியரசின் கம்யூனிஸ்ட் கட்சித் தலைமையிலிருந்து நேரே ஜனாதிபதி நாற்காலிக்கு வந்தவர்கள். ஒன்றியத்தை விட்டுக் கடைசியாக, 1991 டிசம்பர் 16 அன்று, விலகியது கஜகஸ்தான். நசர்பாயெவ் பதவியை விட்டது 2019இல்.