மொட்டைமாடிச் சேவலைப் பத்திரமாகப் பிடித்து ஊர் சேர்ப்பது எப்படி

சந்தையிலும் திருவிழாவிலும் பச்சை, ரோஸ் என்று சாயம் ஏற்றி விற்கும் கோழிக்குஞ்சுகள் பெரும்பாலும் ஆண்குஞ்சுகள்தான். முட்டைக்கோழிப் பண்ணைக்கு ஆண்குஞ்சால் பயனில்லை, வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். பிள்ளை அழுகிறதே என்று வாங்கி வந்தது பிழைத்துவிட்டால், நாலைந்து மாதத்தில் விடியுமுன்னே கூவ ஆரம்பிக்கும். பெங்களூரில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். அக்கம்பக்கம் எத்தனை நாள் பொறுக்கும்? "அக்கா, ஓனர் காலி பண்ணச் சொல்றாரு, சேவலை எங்கியாவது விட்டுடுங்க" என்று அல்சூர், மர்ஃபி டவுன் பக்கமிருந்தெல்லாம் லிங்கராஜபுரத்தில் இருக்கும் என்னைக் கூப்பிடுவார்கள். ஓசூர் தாண்டித் தளி பக்கம் எங்கள் சொந்தக்காரர் தோட்டம் இருக்கிறது. அங்கே கொண்டுபோய் விடுவேன்.

பகலில் துரத்தவே துரத்தாதீர்கள். மாடியில் துரத்தினால் சேவல் கைப்பிடிச் சுவரைத் தாண்டிப் பறக்கும். கீழே கரண்ட் கம்பியும் தெருநாயும் காத்திருக்கும். தப்பித்தவறிப் பிடித்தாலும், ஓடி இளைத்ததை உடனே பெட்டியில் அடைத்தால் சூட்டிலேயே சுருண்டுவிடும். கோழிக்கு இருட்டில் கண் சரியாகத் தெரியாது. அது அடைந்து ஒரு மணி நேரமாவது கழித்துப் போங்கள். போன் டார்ச்சின்மேல் சிவப்புத் தாளோ துணியோ சுற்றினால் போதும், வெள்ளை வெளிச்சத்தை முகத்தில் அடிக்கக் கூடாது. முழுக்கைச் சட்டையும் கனமான பேண்ட்டும் போட்டுக்கொள்ளுங்கள். வளர்ந்த சேவலின் கால்முள் சதையைக் கிழித்துவிடும். கிழித்தால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு, டி.டி. (டெட்டனஸ்) ஊசி போட்டு எத்தனை வருஷமாயிற்று என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.

பின்பக்கமாகப் போய் இரண்டு கைகளாலும் இரண்டு இறக்கைகளையும் உடம்போடு சேர்த்து அணையுங்கள். பிடி உறுதியாக இருக்கட்டும், நசுக்க வேண்டாம். தூக்கினதும் வலது கையை அடிவயிற்றுக்குக் கீழே விட்டு, ஆள்காட்டி விரல் இரண்டு கால்களுக்கும் நடுவில் வரும்படி, முள்ளுக்கு மேலே கால்களைப் பற்றுங்கள். நெஞ்செலும்பு உங்கள் முன்கைமேல் கிடக்க வேண்டும், தலை முழங்கைப் பக்கம் போய் இடுப்போரம் செருகிக்கொள்ள வேண்டும். இடது கையை முதுகின்மேல் சும்மா வைத்தால் போதும். அப்போது உள்ளங்கையில் அதன் இதயம் படபடவென்று அடிப்பது தெரியும், கொஞ்ச நேரத்தில் தணியும். தணியும் வரை நடக்காமல் அப்படியே நில்லுங்கள். தலைமேல் ஒரு துண்டைப் போட்டால் இன்னும் சீக்கிரம் அடங்கும். உங்கள் முகத்தை மட்டும் கிட்டே கொண்டுபோகாதீர்கள், கொத்தினால் கண்தான் முதலில்.

பகலில்தான் பிடித்தாக வேண்டும் என்றால், கம்பு தானியத்தைத் தூவி ஒரு சின்ன அறைக்குள் வரவழைத்துக் கதவைச் சாத்துங்கள். பிறகு பெரிய அட்டையைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு மெல்ல மூலைக்கு ஒதுக்கி, துண்டைப் போட்டு மூடுங்கள். ஒற்றை இறக்கையைப் பிடித்து இழுத்தால் மூட்டு கழன்றுவிடும்.

காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டுக்கொண்டு போவதை சிவாஜிநகரில் யார் வேண்டுமானாலும் பார்த்திருப்பீர்கள். வழக்கம் என்பதால் சரியாகிவிடாது. நமக்கு இருப்பதுபோல் உதரவிதானம் கோழிக்குக் கிடையாது, நெஞ்செலும்பும் விலாவும் அசைந்தால்தான் மூச்சு. தலைகீழாகத் தொங்கும்போது குடலும் ஈரலும் காற்றுப்பைகளை அழுத்துகின்றன. நெஞ்சை இறுக்கிப் பிடித்தாலும் அதே கதிதான். 1960ஆம் வருட மிருகவதைத் தடுப்புச் சட்டம், 11ஆம் பிரிவு, தேவையில்லாத வலி உண்டாகும்படி விலங்கைக் கொண்டுபோவதைக் குற்றம் என்றே சொல்கிறது.

பெட்டிக்கு நான் பழக்கடையில்தான் கேட்பேன். ஆப்பிள் அட்டைப்பெட்டியில் ஓட்டை ஏற்கெனவே இருக்கும், இன்னும் சிலவற்றை மேல்பக்கமாக நாலு புறமும் போட்டுக்கொள்ள வேண்டும். வெயில் காலத்தில் அட்டையைவிடத் தக்காளி ஏற்றும் பிளாஸ்டிக் கிரேட் நல்லது. ஒன்றின்மேல் இன்னொன்றைக் கவிழ்த்துக் கயிற்றால் கட்டினால் காற்று தாராளம். உயரம், கொண்டை இடிக்காமல் நிற்கும் அளவுக்கு இருக்கட்டும், கழுத்தை நீட்டும் அளவுக்கு வேண்டாம். கழுத்தை நீட்டினால்தான் சேவலால் முழுசாகக் கூவ முடியும்! அடியில் வெறும் பேப்பர் போட்டால் கால் வழுக்கும், சாக்கை மடித்துப் போடுங்கள். ஒரு பெட்டிக்கு ஒரே சேவல். கூடப் பிறந்ததானாலும் இரண்டை அடைத்தால் ரத்தக்களரிதான்.

புறப்படுவதற்கு நாலைந்து மணி நேரம் முன்பிருந்தே இரை வேண்டாம், தண்ணீர் கடைசி வரை இருக்கட்டும். தூரப் பயணமென்றால் உள்ளே ஒரு வெள்ளரித் துண்டு. கிண்ணம் வைத்தால் கவிழ்ந்து சாக்கு நனையும்.

ஓசூர் ரோட்டில் இருக்கும் சில்க் போர்டு சந்திப்பில் நெரிசல் தொடங்குமுன் அதைத் தாண்டிவிட வேண்டும், அதனால் விடியற்காலையிலேயே கிளம்புவது நல்லது. பெங்களூர் குளிர்ச்சி என்று நம்பாதீர்கள், 2024 ஏப்ரலில் இங்கே 38 டிகிரியைத் தாண்டியது. கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து இளைத்துத்தான் சூட்டைத் தள்ளும். ஆட்டோவில் காலடியில், காரில் சீட்டுக்குக் கீழே ஆடாமல் வையுங்கள், டிக்கியில் வேண்டவே வேண்டாம். பஸ் என்றால் கண்டக்டர் மனசு. கர்நாடக பஸ்ஸில் கோழிக்கு அரை டிக்கெட் கேட்பார்கள், வாதாடாமல் வாங்கிவிடுங்கள். பறவைக் காய்ச்சல் என்று செய்தி வந்தால் பயணத்தையே தள்ளிப்போடுங்கள். எல்லையில் மறிப்பார்கள், மறிப்பதும் நியாயம்தான்.

இறக்கையை விரித்து வாயைப் பிளந்து இளைத்தாலோ கொண்டை ஊதா நிறத்துக்குப் போனாலோ உடனே வண்டியை நிழலில் நிறுத்தி மூடியைக் கொஞ்சம் திறந்து கால்களை நனைத்துவிடுங்கள்.

சேர்ந்த இடத்தில் முதலில் தண்ணீர், கொஞ்சம் கழித்து இரை. அங்கிருக்கும் கோழிகளோடு உடனே விடாமல் இரண்டு மூன்று வாரம் தனியே கொடாப்பில் வைக்கச் சொல்லுங்கள், வெள்ளைக்கழிச்சல் நோய் இருந்தால் அதற்குள் தெரிந்துவிடும். வாங்க வருபவர் சேவலின் காலைத் தூக்கிப் பார்த்து "கட்டுக்கு ஆகுமா", அதாவது சேவல் சண்டைக்கு ஆகுமா, என்று கேட்டால் நான் கொடுப்பதில்லை. கிரேட்டை பிளீச்சிங் பவுடர் கரைசலில் கழுவி, அங்கேயே வெயிலில் காயவைத்த பிறகுதான் வண்டியில் ஏற்றுவேன். அட்டைப்பெட்டியானால் அங்கேயே எரித்துவிடச் சொல்வேன்.