சத்துணவுத் தட்டில் மிஞ்சுவதை எடை போட்டு உரமாக்கக் கற்றுக்கொடுப்பது எப்படி

உரத்தொட்டி வைத்த புதிதில் பல பள்ளிகளில் ஒரு வேடிக்கை நடக்கும். தொட்டி சீக்கிரம் நிரம்ப வேண்டும் என்ற ஆசையில், சாப்பிட வேண்டிய சோற்றையும் பிள்ளைகள் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். ஆகவே தொட்டி கட்டுவதற்கு முன் தராசை எடுங்கள்.

முதல் வாரம் எடை மட்டும்

காய் நறுக்கிய கழிவுக்கு ஒரு வாளி, தட்டில் மிஞ்சியதற்கு ஒரு வாளி, முட்டை ஓட்டுக்கு ஒரு கூடை போதும். பரிமாறாமல் பாத்திரத்தில் மீந்த சோறு கழிவல்ல. அதன் எடையைத் தனியாகக் குறியுங்கள், வாளியில் கொட்ட வேண்டாம். வெறும் வாளியின் எடையைக் கழித்துவிட்டு, அன்று சாப்பிட்டவர்களின் எண்ணிக்கையால் வகுக்கச் சொல்லுங்கள். வருகைப் பதிவேட்டின் மொத்த எண்ணிக்கையைப் போட்டால் கணக்கு பொய்யாகும்.

120 பேர் சாப்பிட்டு 3.6 கிலோ மிஞ்சினால் தலைக்கு 30 கிராம். கேட்க அற்பமாக இருக்கும். அதை அரிசியாக மாற்றிப் பார்க்கட்டும்: வெந்த சோறு அரிசியைப் போல ஏறக்குறைய இரண்டே முக்கால் மடங்கு எடை இருக்கும். மிஞ்சியது முழுவதும் சோறு என்றால் அது சுமார் 1.3 கிலோ அரிசி. தொடக்கப் பள்ளியில் பிள்ளைக்கு 100 கிராம் என்ற அளவில், 13 பேரின் ஒரு வேளைச் சாப்பாடு.

எந்தப் பிள்ளையின் தட்டையும் தனியாக எடை போடாதீர்கள். போட்டால் மறுநாள் சோறு சுவருக்குப் பின்னால் காக்கைக்குப் போகும். உங்கள் கணக்கிலும் வராது. மாறாக, வாளிக்குள் என்ன கிடக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். கறிவேப்பிலையும் மிளகாயும் முருங்கைச் சக்கையும் என்றால் கவலையில்லை. வெறும் சோறு என்றால் பெரும்பாலும் ஒரே தடவையில் அதிகம் வைத்திருப்பார்கள். முதலில் அரைக் கரண்டி, கேட்டால் மறுபடியும் என்று பரிமாறச் சொல்லி, அடுத்த வாரம் அதே கணக்கைப் போடுங்கள். குறைந்த எடையைத்தான் கரும்பலகையில் பெரிதாக எழுத வேண்டும்.

தொட்டி

மேற்சொன்ன அளவு கழிவுக்குப் பிளாஸ்டிக் டிரம் போதாது. ஓரிரு வாரத்தில் நிரம்பிவிடும். மூன்றடி நீளம், அகலம், உயரத்தில் செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கி இரண்டு தொட்டிகள் கட்டுங்கள். ஒன்று நிரம்பி மக்கும்போது மற்றது நிரம்பும். உட்புறம் கம்பி வலை அடிக்காவிட்டால் எலி வரும். வடகிழக்குப் பருவமழைக்கு மேலே ஒரு தகரக் கூரை கட்டாயம்.

அடியில் அரையடிக்குச் சுள்ளி. அதன்மேல் கழிவு ஒரு பங்கு என்றால் காய்ந்த சருகு இரண்டு மூன்று பங்கு, எடையில் அல்ல, வாளிக் கணக்கில். புளிய இலை அப்படியே போகும். தேக்கு, வாதுமை இலைகளை நொறுக்கிப் போட வேண்டும். சருகை எரிக்கும் வழக்கம் இருந்தால் நிறுத்திவிட்டுச் சாக்கில் கட்டி வையுங்கள், மழைக்காலத்தில் அதற்குத்தான் பஞ்சம் வரும். தொடக்கத்தில் ஒரு வாளி சாணக் கரைசலோ பழைய உரமோ சேர்த்தால் வேலை வேகமாகும்.

பள்ளித் தொட்டிகள் கெடுவதற்கு முதல் காரணம் சாம்பார். குழைந்த சோறும் குழம்பும் களியாக இறுகினால் உள்ளே காற்று போகாது. கழிவைக் கம்பிச் சல்லடையில் வடித்து, சருகோடு கிளறிவிட்டுத்தான் போட வேண்டும். வடிப்பதால் உப்பும் கொஞ்சம் போய்விடும். தினமும் மேலே நான்கு விரல் கனத்துக்குச் சருகு மூடினால் ஈ மொய்க்காது. வாரம் ஒருமுறை கிளறுங்கள். கையால் அள்ளிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு நீர் வர வேண்டும். ஒழுகினால் சருகு, உதிர்ந்தால் தண்ணீர். எறும்பு ஏறினால் காய்ந்துவிட்டது என்று பொருள்.

புளித்த நாற்றம் வந்தால் ஈரம் கூடிவிட்டது, காற்றில்லை. மூக்கை எரிக்கும் அம்மோனியா வாடை என்றால் பருப்பும் முட்டையும் மிகுதி, சருகு பற்றாது. கொழுத்த பழுப்புநிறப் புழுக்களைக் கண்டு பிள்ளைகள் அலறுவார்கள். பெரும்பாலும் அவை கருப்புப் படைவீரன் ஈயின் புழுக்கள். கழிவைத் தின்னும், கடிக்காது.

வகுப்பில் காட்ட, வெட்டிய இரண்டு தண்ணீர் பாட்டில்கள் போதும்: ஒன்றில் வெறும் சோறு, மற்றதில் சோறும் சருகும் ஒரு கைப்பிடி மண்ணும். துணியால் மூடுங்கள், காற்றுப் புகாமல் இறுக்கி மூடினால் வாயு சேர்ந்து உப்பும். ஐந்தாம் நாள் மோந்து பார்த்தாலே வித்தியாசம் விளங்கும். கழிவைத் தொட்ட ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

நிரம்பிய தொட்டி இரண்டு மூன்று மாதத்தில் மண் வாசனையோடு கறுத்துப் பொலபொலவென்று ஆகும். உடனே செடிக்குப் போடாதீர்கள். ஒரு பங்கு உரம், மூன்று பங்கு மண் கலந்து பத்து வெந்தயம் விதையுங்கள். வெறும் மண்ணில் இன்னொரு பத்து. உரத்தில் முளைத்தது தெளிவாகக் குறைந்தால் இன்னும் பதமாகவில்லை, இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். முளைத்தால் சலித்து, அதே விகிதத்தில் கீரைப் பாத்திக்குப் போடலாம். சல்லடையில் தங்கும் முட்டை ஓடும் முருங்கைச் சக்கையும் அடுத்த தொட்டிக்கு.