மூடிய படுக்கையறையின் காற்றைச் சோதித்துச் சரிசெய்யும் முறை

எட்டு மணி நேரம் ஏசி அறையில் தூங்கியும் காலையில் தலை கனத்துப்போய் எழுபவர்கள், மெத்தையை மாற்றுவதற்கு முன் அறையின் காற்றைச் சோதித்துப் பார்ப்பது நல்லது. வீடுகளில் உள்ள சாதாரண ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்ப இழுத்துக் குளிர்விப்பதால், நாம் வெளிவிடும் கரியமில வாயு விடியும்வரை உள்ளேயே சேர்கிறது.

வெளிக்காற்றில் இந்த வாயு சுமார் 420 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் 420 பங்கு. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் இருவர் உறங்கினால், கசிவே இல்லாத நிலையில் அது மணிக்கு ஏறத்தாழ 600 பிபிஎம் ஏறும். டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் 2016-ஆம் ஆண்டு ஆய்வில், மாணவர் விடுதி அறைகளுக்குள் சிறு விசிறியால் வெளிக்காற்றைச் செலுத்தி, சுமார் 2,400 பிபிஎம் இருந்த அளவை 835-க்குக் குறைத்தபோது, மறுநாள் மாணவர்களின் தூக்கக் கலக்கம் குறைந்து கவனம் கூடியது. கரியமில வாயுதான் நேரடிக் குற்றவாளி என்று இதற்குப் பொருளில்லை. உடல் நெடி, மரச்சாமான் பூச்சின் ஆவி என அதனோடு சேர்ந்து தேங்கும் மற்றவற்றையும் அந்த எண் காட்டிக்கொடுக்கிறது.

முதல் படி அளப்பது. மீட்டர் வாங்குவதாக இருந்தால் என்டிஐஆர் (அகச்சிவப்பு ஒளியால் வாயுவை நேரடியாக அளக்கும்) சென்சார் உள்ளதா என்று பார்த்து வாங்குங்கள். மலிவான பல கருவிகள் வாயுவை அளக்காமல் நெடியை வைத்து ஓர் எண்ணை ஊகித்துக் காட்டுகின்றன. மொட்டைமாடியில் சிறிது நேரம் வைத்தால் 420-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். பிறகு தலையணை உயரத்தில், மூச்சுக்காற்று நேரே படாதபடி ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். மீட்டர் இல்லையென்றால், அதிகாலையில் பால் பாக்கெட் எடுக்க வெளியே போய்த் திரும்பும்போது, அறைக்குள் கால் வைக்கும் அந்த நொடியில் புழுங்கிய நெடி அடிக்கிறதா என்று கவனியுங்கள். உள்ளேயே இருக்கும் மூக்குக்கு அது பழகிவிடும்.

இரண்டாம் படியாக, மூன்று இரவுகள் ஒப்பிடுங்கள்: முதல் இரவு எல்லாம் மூடி, அடுத்த இரவு அறைக்கதவை ஒரு சாண் திறந்து, மூன்றாம் இரவு கொசுவலை அடித்த சன்னலையும் சற்றுத் திறந்து. பல வீடுகளில் கதவைத் திறப்பதே போதுமானதாக இருக்கும். மின்கட்டணம் கொஞ்சம் கூடும் என்பது உண்மைதான். இணைந்த குளியலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தால், அதை ஓடவிட்டு அதன் கதவைச் சிறிது திறந்து வைக்கலாம். ஆனால் அங்கே கேஸ் கீசர் இருந்தால் இதைச் செய்யவே கூடாது. கீசரின் எரிவாயு எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு உயிரைப் பறிக்கும்.

மூன்றாம் படி, புகையை நிறுத்துவது. ஒரு கொசுவர்த்திச் சுருள் வெளியிடும் நுண்துகள்களின் எடை 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஆய்வு ஒன்று கணித்தது. கதவை மூடிக்கொண்டு சுருள் ஏற்றுவதைவிட கட்டிலுக்குக் கொசுவலை கட்டுவது எவ்வளவோ மேல். ஏசி வடிகட்டியையும் இரு வாரத்துக்கொரு முறை கழுவிவிடுங்கள்.

ஏர் பியூரிஃபையர் துகள்களைப் பிடிக்குமே தவிர கரியமில வாயுவைக் குறைக்காது. ஆகவே போகி விடியல் போல வெளியே புகை மண்டும் நாள்களில் மட்டும் சன்னலைச் சாத்திவிட்டு அதை ஓட்டுங்கள்; புகை அடங்கியதும் சன்னலைத் திறந்துவிடுங்கள்.